விளையாட்டும் இயற்கையும் வளரிளம் பிள்ளைகளை எப்போது உண்மையில் வளர்க்கின்றன?

கேள்வி இதுதான்: "12 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு வார இறுதியில் விளையாட்டும், அவ்வப்போது காடு, மலை என்று வெளியே கூட்டிப்போவதும் நடத்தலாம் என்று இருக்கிறோம். மைதானம் இருக்கிறது, தன்னார்வலர்களும் சிலர் இருக்கிறார்கள். எந்த விளையாட்டை வைத்தால் பிள்ளைகளின் ஆளுமை வளரும்? இயற்கையில் நேரம் செலவிடுவதால் நிஜமாகவே பலன் உண்டா, இல்லை அது வெறும் சுற்றுலாவா? 14 வயது ஆனதும் நிறையப் பேர், முக்கியமாகப் பெண் பிள்ளைகள், நின்றுவிடுகிறார்களே, ஏன்? படிப்பு கெட்டுவிடும் என்கிற பெற்றோருக்கு என்ன சொல்வது?"

எந்த விளையாட்டு என்பதைக் கடைசியில் முடிவு செய்துகொள்ளலாம். கால்பந்தோ நீச்சலோ தானாகவே ஒரு பிள்ளைக்குப் பொறுப்புணர்வைக் கொடுத்துவிடாது. ஒரே மைதானத்தில், ஒரே அணியில், ஒரு பிள்ளை தைரியம் பெற்று வளரும். பக்கத்தில் நிற்கும் இன்னொரு பிள்ளை "நான் எதற்கும் லாயக்கில்லை" என்று முடிவு செய்துகொண்டு வீட்டுக்குப் போகும். அங்கே இருக்கும் பெரியவர் எப்படி நடந்துகொள்கிறார், பிள்ளைகளின் கையில் எந்த வேலையை, எந்த முடிவை உண்மையாக விட்டுவைக்கிறார் என்பதுதான் இந்த இரண்டு பேருக்கும் நடுவில் உள்ள வித்தியாசம். உங்கள் திட்டத்தின் ஒவ்வொரு பகுதியையும் இதை வைத்தே சோதித்துப் பாருங்கள்.

இடத்தைத் திறந்துவிட்டால் போதும், பிள்ளைகள் கெட்ட வழிக்குப் போகாமல் இருப்பார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்வீடனில் 14 வயதுப் பிள்ளைகளை வைத்து மஹோனியும் ஸ்டாட்டினும் செய்த ஆய்வு 2000-ல் வெளிவந்தது. பயிற்சியாளர், ஒழுங்கான நேரம், கற்றுக்கொள்ள ஒரு திறன் என்று கட்டமைப்போடு நடந்த செயல்பாடுகளில் இருந்த பிள்ளைகளிடம் தப்பான நடத்தைகள் குறைவாக இருந்தன. ஆனால் திட்டம் எதுவும் இல்லாமல், பொழுதைக் கழிக்க மட்டும் திறந்திருந்த இளைஞர் மையங்களுக்கு அடிக்கடி போன பிள்ளைகளிடம் அவை கூடுதலாக இருந்தன. எது காரணம், எது விளைவு என்று இந்த ஒரு ஆய்வை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஏற்கெனவே சிக்கலில் இருந்த பிள்ளைகள்தான் அங்கே அதிகம் போயிருக்கலாம். இருந்தாலும் பந்தும் மேசையும் வாங்கிப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வது போதாது என்பது மட்டும் தெளிவு.

இதற்கு நேர்மாறான பாதையில் போன நாடு ஐஸ்லாந்து. 1998-ல் அங்கே 15, 16 வயது மாணவர்களில் 42 சதவீதம் பேர், முந்தைய ஒரு மாதத்துக்குள் போதை ஏறும் அளவுக்குக் குடித்ததாகச் சொன்னார்கள். 2016-ல் அது 5 சதவீதம். தினமும் புகைப்பவர்கள் 23 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைந்தார்கள். விளையாட்டு ஒன்றே இதைச் செய்யவில்லை. சிறுவர்கள் இரவில் எத்தனை மணிவரை வெளியே இருக்கலாம் என்று சட்டம் வைத்தார்கள், மது, புகையிலை வாங்கும் வயதைக் கட்டுப்படுத்தினார்கள், பிள்ளைகளோடு கூடுதல் நேரம் செலவிடச் சொல்லிப் பெற்றோரைக் குழுக்களாகச் சேர்த்தார்கள். இவற்றோடு, விளையாட்டுக்கும் கலைக்கும் கட்டணம் கட்டத் தலைநகர் ரெய்க்யாவிக் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆண்டுதோறும் உதவித்தொகை ஒதுக்கியது. பிள்ளைகளிடம் தொடர்ந்து கருத்தாய்வு நடத்தி, கிடைத்த பதில்களைப் பார்த்து அடுத்ததை முடிவு செய்தார்கள். உங்கள் அளவில் இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று: காசு இல்லை என்பதால் எந்தப் பிள்ளையும் வெளியே நிற்கக் கூடாது. ஷூவும் பயணச் செலவும் கூட இதில் சேரும். உதவி பெறும் பிள்ளை யார் என்று மற்றவர்களுக்குத் தெரியாதபடி அதைச் செய்யுங்கள்.

ஏன் விளையாட்டு, ஏன் முகாம், வகுப்பறையே போதாதா? ரீட் லார்சன் என்ற உளவியலாளர் பிள்ளைகளின் அன்றாட மனநிலையைப் பல ஆண்டுகள் பதிவு செய்து பார்த்தவர். வகுப்பில் பிள்ளைகளுக்குக் கவனம் அதிகம், ஆனால் உள்ளிருந்து வரும் விருப்பம் குறைவு. நண்பர்களோடு அரட்டையில் விருப்பம் அதிகம், கவனம் குறைவு. தானாகத் தேர்ந்துகொண்ட விளையாட்டிலும் கலையிலும்தான் இரண்டும் ஒன்றாக உயர்ந்து நின்றன. தனக்குப் பிடித்ததை, தடங்கல் வந்தாலும் விடாமல், மாதக்கணக்கில் செய்து முடிக்கும் பழக்கம் அங்கேதான் பிறக்கிறது என்பது அவர் முடிவு. ஒருநாள் விளையாட்டு விழா நடத்திவிட்டு மாற்றத்தை எதிர்பார்ப்பது ஏன் வீண் என்பதற்கும் காரணம் இதுவே. ஒரு பருவம் முழுக்க, முடிந்தால் ஓராண்டு, அதே பெரியவர்கள் அதே பிள்ளைகளோடு இருக்க வேண்டும். ஐம்பது பேரைச் சேர்த்து அடிக்கடி ஆள் மாறுவதைவிட இருபது பேரோடு நிலைத்திருப்பது நல்லது.

இந்தத் துறையில் ஒரு பழைய பழக்கம் உண்டு. பிள்ளைகளைப் பிரச்சினைகளாகவே பார்ப்பது: போதை, சண்டை, படிப்பை விடுவது. இவற்றைத் தடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது. உளவியலாளர் ரிச்சர்ட் லெர்னரும் அவரைப் போன்றவர்களும் இதைத் திருப்பிப் போட்டார்கள். தடுப்பதோடு நிற்காமல், என்ன வளர வேண்டும் என்று கேட்டார்கள். திறமை, தன்னம்பிக்கை, மற்றவர்களோடு பிணைப்பு, நல்ல குணம், பிறர்மேல் அக்கறை என்று ஐந்தைச் சொன்னார்கள். இந்த ஐந்தும் வளர்ந்தால் பிள்ளை தன் குடும்பத்துக்கும் சமூகத்துக்கும் திருப்பிக் கொடுக்கத் தொடங்கும் என்பது அவர்கள் வாதம். இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஆனால் உங்கள் திட்டத்தில் திறமைக்கு மட்டும்தான் இடம் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். பெரும்பாலான பயிற்சி முகாம்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன.

இனி பெரியவர்களைப் பற்றி. பணமும் நேரமும் குறைவாக இருந்தால் முதலில் தன்னார்வலர்களின் பயிற்சிக்குச் செலவிடுங்கள், பொருள்களுக்கு அப்புறம். ஸ்மித், ஸ்மோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் சிறுவர் பேஸ்பால் பயிற்சியாளர்களுக்குச் சில மணி நேரம் மட்டுமே நீளும் ஒரு பயிற்சியை வடிவமைத்தார்கள். அதில் புரட்சிகரமாக எதுவும் இல்லை: முயற்சியைப் பாராட்டு, தப்பு நடந்தவுடன் திட்டாமல் தைரியம் சொல்லி, எப்படித் திருத்துவது என்று காட்டு, தண்டனையாக ஓடவிடாதே, ஜெயித்தால்தான் மதிப்பு என்ற எண்ணத்தை வளர்க்காதே. 1992-ல் வெளிவந்த ஆய்வில், பயிற்சி பெறாதவர்களின் அணிகளிலிருந்து அடுத்த ஆண்டு 26 சதவீதப் பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். பயிற்சி பெற்றவர்களின் அணிகளில் நின்றவர்கள் 5 சதவீதம். இத்தனைக்கும் வெற்றி தோல்விக் கணக்கில் இரண்டு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பிள்ளைகள் ஏன் நின்றுவிடுகிறார்கள் என்ற உங்கள் கேள்விக்குப் பாதி பதில் இதில் இருக்கிறது. தோற்பதைப் பிள்ளைகள் தாங்கிக்கொள்வார்கள். எல்லார் முன்னாலும் அவமானப்படுவதைத் தாங்க மாட்டார்கள்.

அவமானம் பெரும்பாலும் சின்னச் சின்ன ஏற்பாடுகளில் ஒளிந்திருக்கும். இரண்டு கேப்டன்களை நிறுத்தி ஒவ்வொருவராக ஆள் எடுக்கச் சொல்வது வழக்கமாக நடப்பது. கடைசியில் மிஞ்சும் பிள்ளையின் முகத்தை ஒருமுறை பார்த்தால் அந்த வழக்கத்தை விட்டுவிடுவீர்கள். அணிகளை நீங்களே முன்கூட்டிப் பிரித்து வையுங்கள். எல்லாருக்கும் ஏறத்தாழ ஒரே அளவு ஆட்ட நேரம் கொடுங்கள்; முக்கியமான கட்டத்திலும் கொடுங்கள். சீக்கிரம் வளர்ந்த பிள்ளையைத் திறமைசாலி என்று தப்பாக எண்ணிவிடாதீர்கள். கனடாவின் ஐஸ் ஹாக்கி வீரர்களைக் கவனித்தபோது ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் மிக அதிகமாக இருந்தார்கள். வயதுப் பிரிவு ஜனவரியில் தொடங்கியதுதான் காரணம். சில மாதம் மூத்தவர்கள் உடல் பெரிதாக இருந்ததால் தேர்வானார்கள், தேர்வானதால் நல்ல பயிற்சி கிடைத்தது, பயிற்சி கிடைத்ததால் உண்மையிலேயே திறமைசாலிகள் ஆனார்கள். 12 வயதில் "இவன் தேற மாட்டான்" என்று நாம் சொல்லும் வார்த்தைக்கு இவ்வளவு வலிமை இருக்கிறது.

சின்ன வயதிலேயே ஒரே விளையாட்டில் தள்ளுவதும் இதே தவறின் இன்னொரு வடிவம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2016-ல் வெளியிட்ட அறிக்கை, பெரும்பாலான விளையாட்டுகளில் 15, 16 வயதுவரை ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்வதைத் தள்ளிப்போடச் சொல்கிறது. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் ஓய்வு வேண்டும் என்றும், ஆண்டில் மொத்தம் மூன்று மாதம், ஒவ்வொரு மாதமாகப் பிரித்தாவது, அந்தக் குறிப்பிட்ட விளையாட்டிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நார்வேயில் 13 வயது ஆகும்வரை தேசிய சாம்பியன்ஷிப் போட்டிகள் கிடையாது. அதற்கும் சிறிய பிள்ளைகளுக்குத் தரவரிசைப் பட்டியலும் போடமாட்டார்கள். பிள்ளைகளின் விளையாட்டு உரிமைகள் என்று அந்த நாட்டின் விளையாட்டுக் கூட்டமைப்பு இதை எழுதியே வைத்திருக்கிறது. அதே நாடுதான் 2022 குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கம் வென்று முதலிடம் பிடித்தது. அவசரப்படாமல் இருப்பதால் திறமை வீணாகிவிடும் என்று பயப்படுபவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

பொறுப்பைக் கையில் கொடுப்பது என்று முதலில் சொன்னேன். நடைமுறையில் அது எப்படி இருக்கும்? 15 வயதுப் பிள்ளை சிறியவர்களின் ஆட்டத்துக்கு நடுவராக நிற்கும். அது கொடுத்த தீர்ப்பை நீங்கள் மாற்றக் கூடாது. விதிகளைப் பிள்ளைகளே பேசி முடிவு செய்வார்கள். அட்டவணை போடுவது, பந்து, வலை கணக்கு, முதலுதவிப் பெட்டியில் குறைந்ததைக் கவனிப்பது எல்லாம் அவர்கள் பெயரில் இருக்கும். ஒருவர் மறந்துவிட்டால் அன்றைக்கு ஆட்டம் தாமதமாகட்டும். பல பெரியவர்கள் தடுமாறும் இடம் இதுதான். பொறுப்பைக் கொடுப்பார்கள், முதல் சறுக்கலிலேயே திரும்ப வாங்கிக்கொள்வார்கள். பிள்ளைக்கு அது என்ன பாடம் சொல்கிறது என்று யோசியுங்கள். ரோஜர் ஹார்ட் 1992-ல் யுனிசெஃப் அமைப்புக்காக எழுதிய கட்டுரையில் பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்தார். பிள்ளைகளை மேடையில் நிறுத்தி நாம் எழுதிக்கொடுத்ததைப் பேசவைப்பது அந்த ஏணியின் கீழ்ப் படிகளில் வரும். அதை அவர் பங்கேற்பாகவே கணக்கில் எடுக்கவில்லை.

மனதுக்கு மிக நெருக்கமான உதாரணம் கென்யாவின் தலைநகர் நைரோபியில் இருக்கிறது. மதாரே என்ற குடிசைப் பகுதியில் 1987-ல் தொடங்கிய இளைஞர் விளையாட்டு அமைப்பில், அணிகள் கோல் அடித்து மட்டும் புள்ளி பெறுவதில்லை. தங்கள் பகுதியின் குப்பையையும் சாக்கடையையும் சுத்தம் செய்தாலும் லீக் பட்டியலில் புள்ளி ஏறும். விளையாட்டும் சமூகமும் வேறு வேறு என்ற எண்ணமே அங்கே எழாது. உங்கள் போட்டிகளிலும் இப்படி ஒன்றை வைக்க முடியுமா என்று யோசியுங்கள். எந்த வேலை என்பதைப் பிள்ளைகள் சொல்லட்டும்.

சரி, இயற்கை. பலன் உண்டா என்றால், உண்டு. சில விஷயங்களில் சான்று நன்றாகவே இருக்கிறது. சீனாவின் குவாங்சோவில் பள்ளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்குத் தினமும் 40 நிமிட வெளிப்புற வகுப்பு சேர்த்தார்கள். 2015-ல் வந்த முடிவின்படி, மூன்று ஆண்டில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் அந்தப் பள்ளிகளில் 30.4 சதவீதம், மற்றப் பள்ளிகளில் 39.5 சதவீதம். கவனக் குறைபாடு உள்ள பிள்ளைகள் பூங்காவில் 20 நிமிடம் நடந்துவிட்டு வந்ததும், நகர வீதியில் நடந்து வந்ததைவிட நன்றாகக் கவனம் செலுத்தினார்கள் என்று ஃபேபர் டெய்லரும் குவோவும் 2009-ல் காட்டினார்கள். டென்மார்க்கில் 9 லட்சத்துக்கும் அதிகமானவர்களின் பதிவுகளை வைத்துப் பார்த்த 2019 ஆய்வில், பசுமை மிகக் குறைந்த இடங்களில் வளர்ந்தவர்களுக்குப் பின்னாளில் மனநலச் சிக்கல் வரும் ஆபத்து 55 சதவீதம் வரை அதிகமாக இருந்தது. இந்த மூன்றாவது ஆய்வு தொடர்பைத்தான் காட்டுகிறது, காரணத்தை நிரூபிக்கவில்லை. வசதியைக் கணக்கில் எடுத்த பிறகும் தொடர்பு முழுவதும் மறையவில்லை என்பதால் அதை ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் உடலுக்கும் கவனத்துக்கும் கிடைக்கும் இந்த நன்மை வேறு, குணம் வளர்வது வேறு. பேருந்தில் ஏற்றிக் கொண்டுபோய், அருவியைக் காட்டி, படம் எடுத்து, சாப்பாடு போட்டுத் திரும்பினால் முதலாவது கொஞ்சம் கிடைக்கும், இரண்டாவது கிடைக்காது. கல்வியாளர் குர்ட் ஹான் 1941-ல் வேல்ஸில் லாரன்ஸ் ஹோல்ட்டுடன் சேர்ந்து வெளிப்புறப் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கியபோது அதன் மையமாக இருந்தது காட்சி அழகில்லை. கடலும் மலையும் கொடுக்கும் நிஜமான சவால். மழை பெய்தால் கூடாரம் நனையும். தண்ணீர் கொண்டுவர மறந்தால் தாகம் எடுக்கும். யாரும் திட்ட வேண்டியதில்லை, யாரோடும் வாதிடவும் முடியாது. இயற்கை இந்த வயதினருக்கு இவ்வளவு பொருந்துவதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். 14 வயதில் பெரியவர்களின் விதி ஒவ்வொன்றும் அதிகாரமாகத் தெரியும். மலைப்பாதையின் விதி அப்படித் தெரியாது.

ஆகவே பயணத் திட்டத்தை அவர்களிடம் விடுங்கள். வரைபடம் பார்த்து வழி சொல்வது, எவ்வளவு சாமான் என்று கணக்கிடுவது, சமைப்பது, மெதுவாக நடப்பவரை யார் கவனிப்பது என்பதெல்லாம் அவர்கள் வேலை. ஒவ்வொரு மாதமும் புது இடம் தேடி அலைய வேண்டாம். பக்கத்தில் உள்ள ஒரே ஏரிக்கோ குன்றுக்கோ பல முறை போங்கள். வெவ்வேறு பருவங்களில் அதே மரத்தையும் அதே பறவைகளையும் பார்க்கும்போதுதான் அந்த இடம் தன்னுடையது என்று ஆகிறது, அதைக் காப்பாற்றும் எண்ணமும் வருகிறது. நடுவில் அரை மணி நேரம் யாரோடும் பேசாமல் தனித்தனியே உட்காரச் சொல்லுங்கள். முதல் தடவை நெளிவார்கள். அப்புறம் அவர்களே கேட்பார்கள்.

ஆபத்தைப் பற்றி இரண்டு விஷயம். நார்வே ஆய்வாளர் எலன் சாண்ட்செட்டர், பிள்ளைகள் தேடிப்போகும் சாகசங்களை உயரம், வேகம், ஆபத்தான கருவிகள், நெருப்பும் நீரும் போன்றவை, முரட்டு விளையாட்டு, கண்ணில் படாமல் தனியே போவது என்று ஆறாகப் பிரித்தார். இந்த ஆசை இயல்பானது. கொஞ்சமும் இடம் கொடுக்காவிட்டால் அது வேறு இடத்தில் வெளிப்படும். மரம் ஏறலாம், கத்தியால் காய் நறுக்கலாம், அடுப்பு மூட்டலாம். ஆனால் பிள்ளையால் மதிப்பிட முடியாத ஆபத்து பெரியவரின் பொறுப்பு. ஆற்றின் அடியோட்டம், மின்னல், கடும் வெயில், பாறை சரிவு ஆகியவற்றில் சமரசமே வேண்டாம். நீச்சல் தெரிந்த, மீட்கப் பயிற்சி பெற்ற ஆள் இல்லாவிட்டால் தண்ணீரில் இறங்கக் கூடாது. முதலுதவி தெரிந்த இருவர், ஒவ்வொரு பிள்ளையின் ஒவ்வாமை, மருந்து விவரம், பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் ஆகியவை இல்லாமல் கிளம்பாதீர்கள்.

இன்னொரு ஆபத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும், பெரும்பாலான குழுக்கள் கூச்சப்பட்டு விட்டுவிடுவதால். பிள்ளையோடு ஒரு பெரியவர் மூடிய இடத்தில் தனியாக இருக்கக் கூடாது. தனிப்பட்ட குறுஞ்செய்தி கூடாது. எந்தச் செய்தியும் குழுவில், இன்னொரு பெரியவரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். தங்கும் முகாமில் பெரியவர்களும் பிள்ளைகளும் வேறு வேறு கூடாரம். தன்னார்வலரைச் சேர்ப்பதற்கு முன் விசாரியுங்கள், அவர் எவ்வளவு நெருங்கிய நண்பராக இருந்தாலும். தப்பாக ஏதாவது நடந்தால் யாரிடம் சொல்வது என்று பிள்ளைகளுக்கு முதல் நாளே தெரிய வேண்டும். அந்த ஆள் பயிற்சியாளராக இருக்கக் கூடாது.

பெண் பிள்ளைகள் நின்றுவிடுவது உங்கள் இடத்தில் மட்டும் நடப்பதில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 146 நாடுகளின் 11 முதல் 17 வயது மாணவர்களைப் பார்த்தபோது, 2016-ல் போதிய உடலசைவு இல்லாத பெண் பிள்ளைகள் 85 சதவீதம், ஆண் பிள்ளைகள் 78 சதவீதம். பெண் பிள்ளைகளுக்கு ஆர்வம் குறைந்துவிட்டது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். மைதானத்தில் சுத்தமான, தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை இருக்கிறதா? மாதவிடாய் நாளில் காரணம் சொல்லாமல் ஓரமாக உட்கார அனுமதி உண்டா? உடலை ஒட்டாத, வெளிர் நிறமில்லாத சீருடை கிடைக்குமா? வேலிக்கு வெளியே நின்று பார்த்துக் கிண்டல் செய்பவர்களை யார் விரட்டுவது? இருட்டும் முன் வீட்டுக்குப் போக முடிகிறதா? பெண் பயிற்சியாளர் ஒருவராவது உண்டா? இவற்றை முதலில் சரிசெய்யுங்கள். நின்றுபோன பிள்ளைகளிடமே ஒரு பெண் தன்னார்வலரைவிட்டுக் கேளுங்கள். நாம் யூகிக்காத பதில்கள் வரும். போட்டி வேண்டாம், தோழிகளோடு ஓடினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அதுவும் முழுமையான விளையாட்டுதான். இதே அக்கறை உடல் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கும், பந்தைக் கண்டாலே ஒதுங்கும் பிள்ளைகளுக்கும் வேண்டும். பறவை கவனிப்பவரும் தோட்டம் போடுபவரும் உங்கள் குழுவில் சமமாக இருக்கட்டும்.

இப்போது எந்த விளையாட்டு என்பதற்கு வரலாம். எல்லாரும் நிறைய நேரம் அசையும்படியானது, விலை உயர்ந்த பொருள் தேவைப்படாதது, சின்னக் குழுவாகப் பிரித்து ஆடக்கூடியது. மூன்று நான்கைப் பிள்ளைகளுக்குக் காட்டி அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

கடைசியாகப் பெற்றோர். 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது, மூச்சு வாங்கும் அளவுக்கு உடலசைவு வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். படிப்பைப் பற்றிய பயத்துக்கு, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2010-ல் 50 ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்ட அறிக்கையைச் சொல்லுங்கள். பள்ளியில் நடக்கும் உடற்பயிற்சிக்கும் மதிப்பெண், கவனம், வகுப்பு நடத்தை போன்றவற்றுக்கும் இடையே அந்த ஆய்வுகள் கண்ட தொடர்புகளில் பாதிக்குச் சற்று மேல் சாதகமாக இருந்தன. மீதியில் ஏறக்குறைய எல்லாமே எந்தப் பக்கமும் சாயவில்லை. பாதகமானவை 1.5 சதவீதம் மட்டுமே. விளையாடினால் மதிப்பெண் கூடும் என்று வாக்குறுதி கொடுக்காதீர்கள். விளையாட்டுக்கு நேரம் ஒதுக்கியதால் படிப்பு கெட்டது என்பதற்குச் சான்று மிகக் குறைவு என்று சொல்லுங்கள், அது உண்மை. ஒருநாள் அவர்களையும் மைதானத்துக்கு வரவழைத்து, தங்கள் பிள்ளை நடுவராக நிற்பதைப் பார்க்கவிடுங்கள். தேர்வு மாதங்களில் முழுவதுமாக நிறுத்த வேண்டாம், நேரத்தைக் குறைத்தால் போதும். எந்த நாள், எத்தனை மணி நேரம் என்பதைப் பிள்ளைகளே வீட்டில் பேசி முடிவு செய்துகொண்டு உங்களிடம் வந்து சொல்லட்டும்.